கடலடியில் ஒரு கோபம் – 4: ஜகார்த்தா மூடிய கதவு

தனகாவை ஜகார்த்தாவில் வெறுங்கையோடு நிற்கவைத்துவிட்டுப் போனோம், நினைவிருக்கிறதா?

ஒரு வாரம் பொறுத்திருந்தீர்கள். வாருங்கள், அவரோடு நாமும் தோக்கியோ விமானத்தில் ஏறிவிடுவோம். காட்ஸில்லா கருவானது 1954ஆம் ஆண்டின் இந்தப் பயணத்தில்தான்.

டொமொயுகி தனகா, டோஹோ நிறுவனத்தின் தயாரிப்பாளர். நாற்பதைத் தாண்டிய மனிதர். அவர் எடுக்க வந்த படத்தில் பூதமும் இல்லை, அரக்கனும் இல்லை. 'புகழின் நிழலில்' என்று பெயர். இந்தோனேசிய விடுதலைப் போரில் சேர்ந்து போராடும் ஒரு முன்னாள் ஜப்பானிய வீரனின் கதை. இரண்டு நாடுகளும் சேர்ந்து எடுப்பதாக ஏற்பாடு. இயக்குநர் தயார். நாயகனாக ரியோ இகெபே, நாயகியாக யோஷிகோ யமகுச்சி. இலையுதிர் காலத்தில் வெளியிட இடமும் ஒதுக்கியாகிவிட்டது.

இந்தோனேசிய அரசு விசா தரவில்லை.

தனகா நேரிலேயே வந்து பேசிப் பார்த்தார். பலிக்கவில்லை.

ஏன் மறுத்தார்கள்? வெளியூர் வாசகருக்கு இதை விளக்க நாலு பக்கம் வேண்டும். லிங்கி ஆற்றோரத் தோட்டங்களில் வளர்ந்தவருக்கு இரண்டே சொல் போதும்.

ஜப்பான் காலம்.

மலாயாத் தோட்டத்து லயங்களிலிருந்து நம் ஆட்களைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். ரயில் பாதை போட என்றார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அதே பாதையில், அதே காட்டுக் காய்ச்சலில், ஜாவாவிலிருந்து பிடித்துவரப்பட்ட கூலிகளும் மடிந்தார்கள். நம் தமிழனும் அந்த ஜாவாக்காரனும் ஒரே மண்ணுக்குள் போனவர்கள்.

போர் முடிந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை. போர் இழப்பீட்டுக் கணக்கு இன்னும் தீரவில்லை. அந்த நேரத்தில் ஒரு ஜப்பானியர் வந்து, எங்கள் வீரன் உங்களுக்காகப் போராடினான் என்று படம் எடுக்கப்போகிறேன் என்கிறார். ஜாவாவின் தாய்மார்கள் அதை எந்த மனத்தோடு பார்ப்பார்கள்? ஜப்பான்மீது மக்களுக்கிருந்த வெறுப்பு அரசின் கையைக் கட்டிப்போட்டது.

கதவு மூடியது.

இப்போது விமானத்துக்குள் போவோம்.

தனகாவுக்கு வியர்க்கிறது. கையில் படம் இல்லை. நிறுவனமோ அந்த ஆண்டு 'ஏழு சாமுராய்' படத்துக்குப் பெரும் பணத்தைக் கொட்டியிருக்கிறது. வெறும் மன்னிப்போடு மேலிடத்தின் முன் போய் நிற்க முடியாது. வேறொரு படம் வேண்டும். விமானம் தரையிறங்குவதற்குள் வேண்டும். அதுவும் கைவிட்டுப்போன படத்துக்கு ஈடான பெரிய படமாக இருக்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்.

கடல்.

எந்தத் திசையில் பார்த்தாலும் கடல்.

அந்தக் கடலைப் பற்றித்தான் அந்த வசந்தத்தில் ஜப்பான் முழுக்கப் பேச்சு. மார்ச் முதல் நாள், பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. ஆபத்து எல்லை என்று அறிவித்த இடத்துக்கு வெளியே ஒரு சின்ன ஜப்பானியப் படகு டூனா மீன் பிடித்துக்கொண்டிருந்தது. அதிர்ஷ்ட டிராகன் ஐந்தாம் எண் படகு. விடியாத வேளையில் மேற்கு வானம் பற்றி எரிந்தது. பிறகு வெள்ளைச் சாம்பல் பொழிந்தது. தூண்டில் கயிற்றில், மீனில், தலைமுடியில், கண்ணில். என்ன சாம்பல் என்று தெரியாமலே படகிலிருந்த 23 பேரும் தூண்டில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரை சேர்வதற்குள் தோல் கறுத்தது. முடி உதிர்ந்தது.

அவர்கள் பிடித்த மீன் சந்தைக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் நாடே நடுங்கியது. மீனை நம்பி உண்ணும் மக்கள் மீனைத் தொட அஞ்சினார்கள்.

ஹிரோஷிமா, நாகசாகி, இப்போது சோற்றுத் தட்டு. மூன்றாவது முறை.

தனகாவின் மனத்தில் இன்னொன்றும் ஓடியது. முந்தைய ஆண்டு அமெரிக்காவில் ஒரு படம் வெளியாகியிருந்தது. அணுகுண்டுச் சோதனையில் விழித்தெழும் ஒரு பழங்கால மிருகம் நியூயார்க்கைத் தாக்குகிறது. படத்தின் முடிவில் அமெரிக்கர்களே அதைக் கொன்றுவிடுகிறார்கள். மக்கள் நிம்மதியாக வீடு போகிறார்கள்.

குண்டு போட்டவன் கையிலிருந்த கதை, குண்டு வாங்கியவன் கைக்கு வந்தால்?

இந்தக் கடலுக்கடியில் ஒரு பெரும் மிருகம் உறங்கிக்கொண்டிருந்து, குண்டு அதை எழுப்பிவிட்டால்? அது தோக்கியோவுக்கு வந்தால்?

அந்தப் பயணத்தில் தனக்குள் எழுந்த கேள்வி இதுதான் என்று தனகாவே பின்னாளில் சொன்னார்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்போம்.

ஜகார்த்தா சரி என்று சொல்லியிருந்தால், ஜப்பானிய வீரனை நல்லவனாகக் காட்டும் படமொன்று வந்து போயிருக்கும். இன்று அதை யார் நினைத்திருப்பார்கள்? ஜகார்த்தா மறுத்தது. வேறொரு நாட்டில் வீரம் தேடிப் போன மனிதர், தன் வீட்டுக் காயத்தைத் திரும்பிப் பார்க்க நேர்ந்தது. காட்ஸில்லா பிறந்ததில் ஜப்பான் காலத்தை மறக்காத மக்களுக்கும் பங்கு உண்டு. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

விமானம் இறங்கியது.

தனகா நேராகப் போய் நின்றது இவாவோ மோரியிடம். டோஹோவில் எந்தப் படம் நடக்கும், எது நடக்காது என்று தீர்மானிக்கும் இடத்தில் இருந்தவர் மோரி. கதையைக் கேட்டார். பிடித்துப்போனது. ஆனாலும் உடனே தலையாட்டவில்லை. இதைத் திரையில் காட்ட முடியுமா என்று ஒரே ஒரு மனிதரைக் கேட்க வேண்டும் என்றிருந்தார்.

எய்ஜி ட்சுபுராயா.

மலேசிய வாசகர்களே, இந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். பின்னாளில் உங்கள் பிள்ளைகள் கைதட்டிப் பார்த்த அல்ட்ராமேனைத் தந்தவர் இவர்தான். ஆனால் அதற்கு வெகு முன்பே, 1942இல், இவர் ஒரு போர்ப் பிரசாரப் படத்துக்கு மாதிரிகள் செய்து கொடுத்தார். படத்தின் பெயர் 'ஹவாய், மலாய் கடற்போர்'. குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தனவே, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள், அந்த வெற்றியைக் கொண்டாடிய படம். பேர்ல் துறைமுகம் முழுவதையும் இவர் சின்ன உருவில் கட்டி எரித்தார். பார்த்தவர்கள் உண்மை என்றே நம்பினார்கள்.

அந்தப் பிரசாரப் படங்களுக்காகவே போருக்குப் பின் டோஹோவை விட்டு வெளியேற்றப்பட்டு, மீண்டும் திரும்பி வந்தவர் அவர்.

மலாயாவின் வீழ்ச்சிக்கு வழிவிட்ட வெற்றியைப் பொம்மையாகச் செய்த அதே கைகள், இனி தோக்கியோவின் அழிவைச் செய்ய வேண்டும்.

செய்ய முடியுமா?

முடியும் என்றார் ட்சுபுராயா.

மோரி ஒப்புதல் தந்தார். 'ஜி திட்டம்' என்று ரகசியப் பெயர் வைத்தார்கள். நவம்பரில் படம் திரைக்கு வந்தாக வேண்டும்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

ட்சுபுராயாவின் கனவுப் படம் 'கிங் காங்'. பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் தனித்தனியே படம் பிடிக்கும் முறை. அந்த முறையில் இந்தப் படத்தை எடுக்க எவ்வளவு காலம் ஆகும்? அவரே ஒரு கணக்குச் சொன்னார்.

ஏழு ஆண்டு.

கையில் இருந்ததோ ஏழு மாதம்கூட இல்லை.

அடுத்த வாரம் வரைக்கும் ஒரு வேண்டுகோள். படத்தை மறுபடி பாருங்கள். 1956இல் அமெரிக்கர்கள் வெட்டி ஒட்டி, ஒரு நிருபர் பாத்திரத்தையும் நுழைத்து வெளியிட்டார்களே, அது வேண்டாம். அதில் அணுகுண்டுப் பேச்சு மங்கிப்போயிருக்கும். இஷிரோ ஹோண்டா இயக்கிய 1954ஆம் ஆண்டு மூலப் படம், 96 நிமிடம். வீட்டில் ஜப்பான் காலம் கண்ட பெரியவர் யாரேனும் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். மிருகத்தின் தோலை நன்றாகக் கவனியுங்கள்.

ஏனென்றால் ட்சுபுராயா தேடிய விடை அந்தத் தோலில்தான் இருந்தது. மூங்கில் சிம்பு, கம்பி, அதன்மேல் பூசிய ரப்பர் பால். உள்ளே ஓர் ஆள்.

அந்தக் கூட்டுக்குள் முதலில் இறங்கிய மனிதர் யார்? சில அடி எடுத்துவைப்பதற்குள் அவருக்கு என்ன ஆனது?

அடுத்த வாரம் சொல்கிறேன்.