செய்தியான பேரிடர்களும் செய்தியாகாத பேரிடர்களும்: தாது வருடப் பஞ்சம் முதல் வெப்ப அலை வரை

ஒரு பேரிடர் எவ்வளவு பெரிய செய்தியாகிறது என்பதற்கும் அதில் எத்தனை பேர் மாண்டனர் என்பதற்கும் இடையே நேரான உறவு இருக்கும் என்றே பொதுவாக நம்பப்படுகிறது. கடந்த இரு நூற்றாண்டுகளின் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. இழப்பின் அளவைவிட, அந்த இழப்பு நேர்ந்த வேகம் அக்காலத்துச் செய்திச் சாதனத்தின் வேகத்தோடு எவ்வளவு பொருந்தியது என்பதே கவனத்தைப் பெரிதும் தீர்மானித்திருக்கிறது. நொடியில் நிகழ்வது தானாகவே செய்தியாகிறது. மாதக்கணக்கில் நிகழ்வதை எவரேனும் முயன்று செய்தியாக்க வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாடு எப்போது தோன்றியது, எவ்வாறு இறுகியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த சும்பாவா தீவின் தம்போரா எரிமலை 1815 ஏப்ரலில் வெடித்தபோது, வெடிப்பாலும் அதைத் தொடர்ந்த பட்டினியாலும் நோயாலும் மாண்டவர்கள் பல பத்தாயிரம் பேர். ஆயினும் அச்செய்தி கப்பல்களில் மாதக்கணக்கில் பயணம் செய்தே ஐரோப்பாவை எட்டியது. மறு ஆண்டில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடைக்காலமே இல்லாமல் பயிர்கள் அழிந்தன. அப்போதும் அந்தக் குளிரையும் தொலைதூர எரிமலையையும் எவரும் இணைத்துப் பார்க்கவில்லை. அதே தீவுக் கூட்டத்தில் 1883 ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் வெடித்த கிரக்கத்தோவா, தம்போராவைவிடச் சிறியது. அதில் இறந்தோர் சுமார் 36,000 பேர். பெரும்பாலோர் வெடிப்பு எழுப்பிய கடல் அலைகளால் மாண்டனர். ஆனால் அதற்குள் கடலடித் தந்திக் கம்பிகள் பத்தாவியா என்று அழைக்கப்பட்ட இன்றைய ஜகார்த்தாவைச் சிங்கப்பூர் வழியாக லண்டனோடு இணைத்துவிட்டிருந்தன. சில மணி நேரத்தில் தகவல் லண்டனை அடைந்து, செய்தி முகமைகள் (பல நாளிதழ்களுக்கும் ஒரே செய்தியை விற்கும் நிறுவனங்கள்) வழியே உலகெங்கும் அச்சானது. சிறிய வெடிப்பு உலகறிந்ததாகவும் பெரிய வெடிப்பு நெடுங்காலம் ஆய்வாளர்களுக்கு மட்டும் தெரிந்ததாகவும் நின்றுபோனதற்குக் காரணம் எரிமலையில் இல்லை, கம்பியில்தான் இருந்தது.

எனினும் தந்தி எல்லாப் பேரிடர்களையும் ஒரே கண்ணோடு பார்க்கவில்லை. சொல்லுக்குச் சொல் கட்டணம் வாங்கிய அச்சாதனத்துக்கு இடம், நாள், எண்ணிக்கை ஆகிய மூன்றும் உடைய நிகழ்வே உகந்ததாக இருந்தது. ‘இன்ன ஊரில் நேற்று இத்தனை பேர் மாண்டனர்’ என்பது ஒரு தந்திக்குள் அடங்கும். ‘மழை இரண்டு பருவமாகப் பொய்த்துவிட்டது, விலை ஏறிக்கொண்டே போகிறது, மக்கள் மெலிந்துகொண்டே வருகிறார்கள்’ என்பதற்கு நேற்று என்ற நாளே கிடையாது. கம்பிகள் ஏற்கெனவே இருந்த காலத்தில் நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்தின் வரலாறு இந்த வேறுபாட்டை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது எனப்பட்ட 1876-77இன் பெயரால் அறியப்பட்ட இப்பஞ்சம், 1876இல் பருவமழை பொய்த்ததில் தொடங்கி 1878 வரை நீடித்தது. சென்னை மாகாணத்தின் பல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், வட ஆர்க்காடு, கோயம்புத்தூர் முதலிய மாவட்டங்களும் மைசூரும் பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதியும் பாழாயின. பட்டினியாலும் காலரா, அம்மை முதலிய நோய்களாலும் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடப்படுகிறது. கிரக்கத்தோவாவில் இறந்தோரைப் போல நூறு மடங்குக்கும் மேற்பட்ட இந்த இழப்பு தொடங்கிப் பல மாதங்கள் கழிந்த பின்னும் பிரிட்டிஷ் மக்களின் கவனத்தில் உரிய இடத்தைப் பெறவில்லை. அந்த நேரத்தில் இந்தியாவிலிருந்து சென்ற பெருஞ்செய்தி வேறொன்றாக இருந்தது. 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியா அரசியை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் பிரபு கூட்டிய டெல்லி தர்பார் அது. மாகாணத்தில் பட்டினி பரவிக்கொண்டிருந்தபோதே சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனும் அவ்விழாவுக்குச் சென்றார். ஒரே நாட்டில் ஒரே வாரத்தில் பட்டமேற்பும் பட்டினியும் நிகழ்ந்தபோது நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருந்த பட்டமேற்பே செய்தியானது என்பது அன்றைய அரசியலின் விளைவு மட்டுமன்று, அன்றைய செய்தி முறையின் விளைவும்கூட.

பின்னர் அப்பஞ்சம் செய்தியானதற்குச் சிலரின் திட்டமிட்ட முயற்சியே காரணம். நிவாரண வேலை செய்தோருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று மத்திய அரசின் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்ததை, மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் மருத்துவக் கணக்குகளோடு எதிர்த்து வாதிட்டார். அவ்வாதம் ஏடுகளுக்கு ஒரு பொருளைத் தந்தது. ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர் வில்லியம் டிக்பி பஞ்சத்தைத் தொடர்ந்து எழுதியதோடு நிவாரணக் குழுவின் செயலாளராகவும் உழைத்து, 1878இல் இரண்டு தொகுதிகளாக அதன் வரலாற்றையும் வெளியிட்டார். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற படை அதிகாரி எலும்புக்கூடாகிப்போன மக்களை நிறுத்தியும் உட்காரவைத்தும் எடுத்த ஒளிப்படங்கள் பரவின. ஒளிப்படத்தை நேரடியாக அச்சிடும் வசதி நாளிதழ்களுக்கு அப்போது இல்லாததால் பஞ்சக் காட்சிகள் செதுக்கோவியங்களாக லண்டனின் பட ஏடுகளில் இடம்பெற்றன. அம்மக்களின் துயரைக் காட்சிப்பொருளாக்கினார் என்று ஹூப்பர் கண்டிக்கப்பட்டதும் உண்டு. அக்கண்டனம் நியாயமானதே என்றாலும், அப்படங்களின்றி அந்த முகங்களின் சுவடே எஞ்சியிருக்காது என்பதையும் மறுக்க இயலாது. 1877 ஆகஸ்டில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டத்தின் முடிவாக லண்டன் மேயருக்கும் பிற நகரங்களுக்கும் நிதி வேண்டித் தந்திகள் அனுப்பப்பட்டன. தந்திக்குள் அடங்காதிருந்த பஞ்சத்துக்கு அந்த வேண்டுகோள் ஒரு நாளையும் ஒரு முகவரியையும் கொடுத்தது. நன்கொடை லட்சக்கணக்கான பவுண்டுகளாகத் திரண்டது. அதற்கு முன்பே பலர் இறந்துவிட்டிருந்தனர்.

அந்தப் பஞ்சத்தை அனுபவித்த மக்களுக்கு அது செய்தியாகத் தேவைப்படவில்லை. கஞ்சித்தொட்டி என்ற சொல்லிலும், பஞ்சக் கும்மிகளிலும், வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ என்ற நூலிலும், பஞ்ச நிவாரண வேலையாக வெட்டி நீட்டப்பட்டு ஆளுநரின் பெயரைத் தாங்கிய பக்கிங்ஹாம் கால்வாயிலும் அது தங்கிவிட்டது. ஊர் நினைவும் உலகக் கவனமும் வெவ்வேறு வழிகளில் உருவாகின்றன என்பதை ஆய்வுகள் போதிய அளவுக்குக் கணக்கில் கொண்டதில்லை.

இப்பஞ்சத்தின் பின்விளைவாக 1880ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணையமும் அதன் பரிந்துரையால் பஞ்ச விதித்தொகுப்புகளும் பிறந்தன. எந்த அறிகுறிகள் தென்பட்டால் பஞ்சம் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்தபின் அரசு என்னென்ன செய்ய வேண்டும் என்று வரையறுத்த விதிகள் இவை. மெல்ல நிகழும் பேரிடருக்கு ஒரு தொடக்க நாளைக் குறிக்கும் கருவி என்றும் இவற்றைக் கருதலாம். அதனாலேயே 1943இல் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டபோது, இவ்விதிகளின்படி பஞ்சம் அறிவிக்கப்படாமலே இருந்தது கவனத்துக்குரியது. போர்க்காலத் தணிக்கை அதற்கு முந்தைய ஆண்டின் மிட்னாப்பூர் புயலையே சில நாட்கள் செய்தியாகவிடாமல் தடுத்திருந்தது. கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மேன்’ ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் 1943 ஆகஸ்ட் 22 அன்று தெருக்களில் கிடந்தோரின் ஒளிப்படங்களை அச்சிட்ட பிறகே டெல்லியும் லண்டனும் பஞ்சத்தை மறுக்க முடியாத நிலைக்கு வந்தன. அந்த வங்காளத்தைச் சிறுவனாகக் கண்ட பொருளியலாளர் அமர்த்திய சென், சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் நிகழ்வதில்லை என்று பிற்காலத்தில் வாதிட்டார். அவ்வாதத்தின் மற்றொரு பாதி அந்த அளவுக்கு மேற்கோள் காட்டப்படுவதில்லை: பஞ்சத்தை அம்பலப்படுத்தும் அதே பத்திரிகைகள், அன்றாடம் நிலவும் அரைப்பட்டினியையும் ஊட்டக்குறைவையும் எளிதில் கடந்துபோகின்றன என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

தொலைக்காட்சி இந்தப் போக்கை மாற்றவில்லை, கூர்மையாக்கியது. 1984 அக்டோபர் 23 அன்று பிபிசியில் மைக்கேல் பர்க்கின் குரலோடு முகமது அமீன் படமெடுத்த எத்தியோப்பியக் காட்சிகள் ஒளிபரப்பான பின்பே அந்நாட்டுப் பஞ்சம் உலகச் செய்தியானது. மறு ஆண்டு ஜூலை 13 அன்று பஞ்ச நிவாரண நிதிக்காக நடந்த ‘லைவ் எய்ட்’ இசை நிகழ்ச்சி வரை அந்த அலை நீண்டது. பஞ்சம் அந்த அக்டோபரில் தொடங்கியதன்று. படம் அன்று கிடைத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியோ இதற்கு நேர்மாறானது. 14 நாடுகளில் இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒரே காலைப்பொழுதில் கொன்ற அப்பேரிடர், ஆண்டின் செய்தி குறைந்த வாரத்தில் நேர்ந்தது. தாய்லாந்துக் கடற்கரைகளில் விடுமுறையில் இருந்த ஐரோப்பியரும் அதில் மாண்டனர். விடுமுறைப் பயணிகளின் கையடக்கக் கேமராக்கள் அலையையே படம்பிடித்திருந்தன. பிரிட்டனின் தொண்டு நிறுவனங்கள் கூட்டாக விடுத்த வேண்டுகோளுக்கு 39 கோடி பவுண்டுக்கு மேல் திரண்டது. அந்தக் கவனத்தின் ஒரு பங்கு தமிழகக் கரையின் அக்கரைப்பேட்டைக்கும் கீச்சாங்குப்பத்துக்கும் இலங்கையின் கிழக்குக் கரைக்கும் வந்துசேர்ந்தது என்பது உண்மை. அடுத்த ஆண்டு அக்டோபர் 8 அன்று காஷ்மீர் மலைகளில் 70,000க்கும் மேற்பட்டோரைக் கொன்ற நிலநடுக்கத்துக்கு அந்த அளவு கவனமோ நிதியோ கிட்டவில்லை.

இத்தகைய ஒப்பீடுகளை எண்களால் சோதிக்கும் ஆய்வுகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தன. நார்வே ஆய்வாளர்கள் கால்டுங்கும் ரூகேயும் 1965இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு நிகழ்வைச் செய்தியாகத் தகுதிப்படுத்தும் பண்புகளை வகுத்தது. திடீர்த்தன்மை, பண்பாட்டு நெருக்கம், எளிதில் பொருள் விளங்குதல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இப்பண்புகளின் தொகுப்பையே ‘செய்தி மதிப்பு’ என்கின்றனர். 1986இல் வில்லியம் ஆடம்ஸ், அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஒதுக்கிய நேரத்தை அளந்து, ஒரு மேற்கு ஐரோப்பியரின் சாவுக்குக் கிடைத்த கவனத்தைப் பெற ஏறத்தாழ 12 ஆசியர்கள் இறக்க வேண்டியிருந்தது என்று காட்டினார். 1968 முதல் 2002 வரையிலான சுமார் 5,000 பேரிடர்களை ஆராய்ந்து ஐசென்சேயும் ஸ்ட்ரோம்பெர்கும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இவற்றுள் மிகவும் கனமானது. எரிமலையால் இறக்கும் ஒருவருக்குக் கிடைக்கும் அதே செய்தி வாய்ப்பைப் பெற, உணவுப் பஞ்சத்தில் ஏறத்தாழ 40,000 பேர் இறக்க வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டனர். ஒலிம்பிக் போட்டிகள் நடக்கும் நாட்களில் நேரும் பேரிடர் செய்தியாவதற்குச் சாதாரண நாளைவிட மும்மடங்கு உயிரிழப்பு தேவைப்பட்டது. செய்தியாகாத பேரிடர்களுக்கு அமெரிக்க அரசின் உதவியும் குறைந்தது. டெல்லி தர்பாரின் நிழலில் தாது வருடப் பஞ்சம் மறைந்ததை நினைவில் கொண்டோருக்கு இம்முடிவு புதியதன்று. அதை எண்ணாகக் கண்டதே புதிது.

மெல்லக் கொல்லும் பேரிடர்களின் வரிசையில் இன்று முன்னிற்பது வெப்ப அலை. 2003 ஆகஸ்டில் பிரான்சில் சுமார் 15,000 பேர் அதனால் கூடுதலாக மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள்; பலர் வீடுகளில் தனித்திருந்தவர்கள். இடிந்த கட்டடமோ பொங்கிய நீரோ அங்கு இல்லாததால் படமெடுக்க எதுவும் இருக்கவில்லை. பிணவறைகள் நிரம்பி, பாரிஸ் அருகே ரூன்ஜிஸ் சந்தையின் குளிர்பதனக் கிடங்கில் உடல்கள் வைக்கப்பட்டபோதுதான் அந்த வெப்பத்துக்குக் காட்சி கிடைத்தது. இறப்பின் அளவு, அந்த ஆகஸ்டின் சாவுப் பதிவுகளை முந்தைய ஆண்டுகளின் பதிவுகளோடு ஒப்பிட்டுக் கழித்தே அறியப்பட்டது. பிரான்சால் அதைச் செய்ய முடிந்தது. அங்கே ஒவ்வொரு சாவும் பதிவாகிறது. வயலிலும் செங்கல் சூளையிலும் கட்டுமான இடத்திலும் வெயிலில் சுருண்டு விழுபவரின் சாவு மாரடைப்பு என்றோ காரணமே இன்றியோ எழுதப்படும் நாடுகளில், வெப்ப அலை கடந்துபோன பின்னும் ஒப்பிடுவதற்கு ஓர் எண்ணிக்கை மிஞ்சுவதில்லை.