தந்தைமையும் திருமணமும்: பழவேற்காடு ஏரிக் கிராமங்களை முன்வைத்து ஒரு சட்ட வரலாற்று நோக்கு

பசியாவரம் முதலிய சிற்றூர்கள் சூழ்ந்த பழவேற்காடு ஏரியில், பட்டினவர் குப்பங்கள் சில மீன்பிடி இடங்களைப் ‘பாடு’ என்னும் முறையில் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்துவருகின்றன. அதிற் பங்கு பெறுவோர் தலைக்கட்டுகள். மணமான ஆடவரே தலைக்கட்டாகக் கணக்கிடப்படுவர். அவ்வுரிமை தந்தைவழி வருவது. எனவே மணம் செய்துகொள்ளாத பெற்றோருக்குப் பிறந்த மகனின் தந்தை யார் என்பது உறுதிப்படாவிடில், பிழைப்புக்கான வழியும் அவனுக்கு அடைபடக்கூடும்.

இத்தகைய குழந்தையை அரசின் சட்டம் எவ்வாறு நோக்கிவந்தது? பழைய சட்டம் கடுமையானது, புதியது இரக்கமுடையது என்பது பொதுவான எண்ணம். இந்துக்களின் சொத்துரிமையைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் முழுதும் பொருந்துவதன்று என்பது இக்கட்டுரையின் துணிபு.

மிதாக்ஷர மரபைப் பின்பற்றிய சென்னை மாகாண நீதிமன்றங்கள், ‘சூத்திரர்’ என வகைப்படுத்திய சாதியாரிடையே, மணமின்றி ஒருவனோடு நிலையாக வாழ்ந்த பெண்ணின் மகனைத் ‘தாசிபுத்திரன்’ என்றன. பெயர் இழிவானதே. ஆயினும் அவ்வுறவு தொடர்ச்சியானதாகவும் பிறன்மனை சாராததாகவும் இருப்பின், தந்தையின் தனிச்சொத்தில் அவனுக்குப் பங்கு உண்டு. வெள்ளையப்ப செட்டி எதிர் நடராஜன் வழக்கில் (1931) பிரிவி கவுன்சில், அத்தகையவன் தந்தையின் குடும்பத்தைச் சேர்ந்தவனே என்று ஏற்றது. தந்தை தனிச்சொத்து விட்டுச்செல்லாத நிலையிலும் கூட்டுக்குடும்பச் சொத்திலிருந்து அவன் ஜீவனாம்சம் பெறலாம் என்றது. மகளுக்கோ பங்கு இல்லை. பிற வருணத்தார்க்கு இவ்வாறு பிறந்த மகனுக்கும் ஜீவனாம்சம் மட்டுமே. சாதியையும் பாலையும் அளவுகோலாகக் கொண்ட உரிமை இது என்பதை மறைத்தல் ஆகாது.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் இவ்வேறுபாட்டை நீக்கியது. உடன் அப்பங்கையும் நீக்கிற்று. ‘உறவு’ என்பது முறையான மணவழி உறவே என அது வரையறுத்தது. மணவழி பிறவாத குழந்தை தன் தாய்க்கும், தன்னைப்போற் பிறந்த உடன்பிறப்புகளுக்கும் மட்டுமே உறவாயிற்று. 1976இல் திருத்தப்பெற்ற இந்துத் திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, செல்லாத் திருமணத்தில் பிறந்த குழந்தைகளுக்குப் பெற்றோர் சொத்தில் உரிமை தந்தது. 2023இல் ரேவணசித்தப்பா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அவ்வுரிமையையே விரித்துரைத்தது. எனினும் அதற்கும் ஏதோவொரு திருமணம் நடந்திருத்தல் வேண்டும். எச்சடங்கும் இன்றி இணைந்து வாழ்ந்தோரின் குழந்தையை இது எட்டவில்லை.

ஆதலின் நீதிமன்றங்கள் ஊகத்தை நாடின. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பாலசுப்பிரமணியம் எதிர் சுருட்டையன் வழக்கில் (1994), ஆணும் பெண்ணும் பல்லாண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தால் அவர்களைக் கணவன் மனைவி எனக் கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். பாரத மாதா எதிர் விஜய ரங்கநாதன் வழக்கில் (2010) அப்பெண்ணின் முன்னைக் கணவர் உயிரோடிருந்தமையால் இவ்வூகத்துக்கு இடமில்லாது போயிற்று. குழந்தைகளின் மூதாதையர் சொத்துக் கோரிக்கையும் வீழ்ந்தது. பெற்றோரின் மணநிலையைக் கொண்டு குழந்தையின் உரிமையை அளக்கும் போக்கு இரு தீர்ப்புகளிலும் ஒன்றே.

நடுவர் மன்றத்தின் வழி வேறு. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு, அதன் வழிவந்த 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, இன்றைய 144ஆம் பிரிவு ஆகிய மூன்றும் மணவழி பிறந்த குழந்தை, பிறவாத குழந்தை என வேறுபாடு காட்டாமல் ஜீவனாம்சம் அளிக்கின்றன. இங்குத் தந்தைமையை மெய்ப்பித்தால் போதும். ஆயின் 2024 வரை நடப்பிலிருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு தந்த அறுதியான ஊகம் மணவாழ்வில் பிறந்த குழந்தைக்கே உரியதாயிருந்தது. மணமாகாத தாய் சாட்சிகளையும் மரபணுச் சோதனையையுமே நாட வேண்டும். அச்சோதனைக்கு ஆணையிடுவதும் நீதிமன்றத்தின் விருப்புரிமை.

2015இல் உச்ச நீதிமன்றம், மணமாகாத தாய் தந்தையின் பெயரை வெளியிடாமலே பாதுகாவலர் ஆகலாம் என்றும், அவரது குழந்தைக்குப் பிறப்புச் சான்று வழங்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. தந்தையை மறைக்க விழையும் தாய்க்கு இது பெருந்துணை. தந்தைவழிப் பாட்டுரிமை கோரும் மகனுக்கோ தந்தையை நிறுவுவதே தேவை. அவன் 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்குத் தொடுக்கலாம். நடுவர் மன்றத்தின் முடிவு அங்கு அறுதியானதன்று. தந்தைமையை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.