துத்தநாகப் படலமும் காந்தத் தேடலும்

1780ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் சுவென் ரின்மன், துத்தநாகச் சேர்மத்துடன் கோபால்ட்டுச் சேர்மத்தைக் கலந்து சூடேற்றிப் பச்சை வண்ணம் ஒன்றைக் கண்டறிந்தார். ‘ரின்மன் பச்சை’ எனப் பெயர்பெற்ற அப்பொருள், இருநூறு ஆண்டுகள் கடந்தபின் இயற்பியலாரின் ஆய்வுக்கூடத்தில் மறுபிறவி எடுத்தது.

துத்தநாக ஆக்சைடு வெண்ணிறத் தூள். அதனையே மென்படலமாகப் படியச் செய்தால் கண்ணாடிபோல் ஒளியைக் கடக்கவிடும். புற ஊதாக் கதிரை மட்டும் விழுங்கிக்கொள்ளும். சிறிதளவு அலுமினியம் சேரின், ஒளி ஊடுருவும் இயல்பு குன்றாமலே மின்சாரத்தையும் நன்கு கடத்தும். இவற்றோடு காந்தத்தன்மையும் கூடுமாயின், எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை மட்டுமன்றி அதன் தற்சுழற்சியையும் பயன்கொள்ளும் புதுக்கருவிகள் பிறக்கும் என அறிஞர்கள் கனவு கண்டனர்.

2000ஆம் ஆண்டில் போலந்து அறிஞர் தோமாஸ் டியெட்லும் அவர்தம் குழுவினரும், மாங்கனீசு கலந்த துத்தநாக ஆக்சைடு தக்க நிலையில் அறை வெப்பத்திலும் காந்தமாக விளங்கக்கூடும் என்று கணித்தனர். அடுத்த ஆண்டே ஜப்பானிய ஆய்வாளர்கள், கோபால்ட்டு கலந்த படலங்களை லேசர் கதிரின் துணையால் நீலக்கல் தளத்தின்மேல் படியவைத்தனர். அவற்றுள் சில அறை வெப்பத்திலும் காந்தமாயின. 2003இல் சுவீடனிலிருந்து மாங்கனீசுப் படலம் பற்றிய நற்செய்தி வந்தது. ஆயினும் ஓரிடத்தில் கண்ட காந்தம் மற்றோரிடத்தில் காணப்படவில்லை. ஐயம் தலைதூக்கிற்று.

கோபால்ட்டு அணு துத்தநாகத்தின் இடத்தில் அமர்ந்துள்ளமைக்கு ஒளியே சான்று கூறிற்று. ஏறத்தாழ 570 முதல் 660 நானோமீட்டர் வரையுள்ள மஞ்சள், செந்நிற ஒளியை அது உறிஞ்சுவதாலேயே பச்சை புலப்படுகிறது. காந்தத்திற்கோ இத்தகைய தெளிந்த அடையாளம் இல்லை. படலத்துள் ஒளிந்திருக்கும் உலோகக் கோபால்ட்டுத் துகள்களும் அதே விளைவைத் தரவல்லன. 2005இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் மற்றொரு பொருளான ஆஃப்னியம் ஆக்சைடுப் படலங்களைச் சோதித்தனர். அவை தம்மளவில் காந்தமாகவில்லை. எஃகு இடுக்கியால் தொட்டபோதோ காந்தக் குறி தென்பட்டது. புதுமை எனப் போற்றப்பட்டது இடுக்கியின் கறையாகவும் இருக்கலாம் என்பதை உலகம் உணர்ந்தது.

அதன்பின் சோதனை முறைகள் கடுமையாயின. ஒரு முடிவைப் பலர் பல இடங்களில் மீண்டும் கண்டாலன்றி அது உண்மையாகாது. கனவு கண்டவர்களால் மட்டுமன்றி, அக்கனவை ஐயுற்றுச் சோதித்தவர்களாலும் அறிவியல் வளர்ந்தது என்பதற்கு இம்மெல்லிய படலம் சான்றாக நிற்கிறது.