வைக்கம் போராட்டம்

வைக்கம் போராட்டம் என்பது, திருவிதாங்கூர் அரசில் இருந்த வைக்கம் என்னும் ஊரில் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவர், புலையர் முதலிய சாதியினரும் நடப்பதற்கு உரிமை கோரி 1924 மார்ச் 30 முதல் 1925 நவம்பர் 23 வரை நடைபெற்ற சத்தியாக்கிரகம் ஆகும். வைக்கம் இன்று கேரள மாநிலத்தின் கோட்டயம் மாவட்டத்தில் உள்ளது. இப்போராட்டம் கோயில் நுழைவுப் போராட்டம் என்று பலராலும் குறிப்பிடப்படுகிறது. ஆனால் அங்குக் கோரப்பட்டது கோயிலுக்குள் செல்லும் உரிமை அன்று. பொதுத் தெருவில் நடக்கும் உரிமையே ஆகும்.

பின்னணி

இத்தெருக்களில் கிறித்தவரும் இசுலாமியரும் தடையின்றிச் சென்றுவந்தனர். அரசுக்கு வரி செலுத்திய ஈழவருக்கோ அனுமதி இல்லை. ஈழவர் தலைவர்களுள் ஒருவரான டி. கே. மாதவன் 1921 இல் திருநெல்வேலியில் காந்தியைச் சந்தித்து இதுபற்றிப் பேசினார். 1923 டிசம்பரில் நடந்த காக்கிநாடா காங்கிரசு மாநாட்டிலும் தீண்டாமை ஒழிப்பை வலியுறுத்தினார். இதன் பின்னரே கேரளக் காங்கிரசு வைக்கத்தைப் போராட்டக் களமாகத் தேர்ந்தெடுத்தது.

போராட்டம்

முதல் நாளன்று புலையர், ஈழவர், நாயர் ஆகிய மூன்று சாதிகளிலிருந்து ஒவ்வொருவராகக் குஞ்ஞப்பி, பாகுலேயன், கோவிந்த பணிக்கர் ஆகிய மூவரும் தடைப் பலகையைக் கடந்து செல்ல முயன்று கைதாயினர். நாள்தோறும் இவ்வாறே தொண்டர்கள் சென்றனர். ஏப்ரல் மாதத்தில் டி. கே. மாதவன், கே. பி. கேசவ மேனன், ஜார்ஜ் ஜோசப் ஆகியோர் சிறைப்பட்டதால் தலைமையேற்க ஆளில்லாத நிலை ஏற்பட்டது. அழைப்பை ஏற்று, தமிழ்நாடு காங்கிரசுத் தலைவராக இருந்த ஈ. வெ. இராமசாமி ஏப்ரல் 13 அன்று வைக்கம் வந்து சேர்ந்தார். அவர் இருமுறை தண்டிக்கப்பட்டார். முதலில் அருவிக்குத்தியில் ஒரு மாதமும், பின்னர் நான்கு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றுத் திருவனந்தபுரத்திலும் சிறையில் இருந்தார். அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் போராட்டத்தில் பங்கேற்றனர்.

அரசு சில நாட்களிலேயே கைது செய்வதை நிறுத்தித் தெருமுனைகளில் வேலியிட்டது. தொண்டர்கள் வேலிக்கு முன்னால் அமர்ந்தனர். 1924 சூலையில் பெருவெள்ளம் வந்தபோதும் அவர்கள் நீரில் நின்றபடியே போராட்டத்தைத் தொடர்ந்தனர். ஆகத்து மாதத்தில் மன்னர் மூலம் திருநாள் காலமானார். ஆட்சிப் பொறுப்பேற்ற சேது இலட்சுமி பாயி சிறையிலிருந்தோரை விடுதலை செய்தார்.

மேல்சாதியினரின் ஆதரவு

உயர்சாதி இந்துக்கள் அனைவரும் இக்கோரிக்கையை எதிர்த்தனர் என்று கருதுவது பிழையாகும். 1924 நவம்பரில் மன்னத்து பத்மநாபன் வைக்கத்திலிருந்தும், எம். எம்பெருமாள் நாயுடு நாகர்கோவில் பகுதியிலிருந்தும் திருவனந்தபுரத்திற்கு நடைப்பயணங்களை நடத்தினர். 25,000 க்கும் மேற்பட்ட உயர்சாதியினர் கையொப்பமிட்ட விண்ணப்பம் அரசியிடம் அளிக்கப்பட்டது. ஆயினும் 1925 பெப்ரவரியில் சட்ட மேலவையில் இதற்கான தீர்மானம் 22க்கு 21 என ஒரே வாக்கில் தோற்றது. எதிராக வாக்களித்தவர்களுள் ஈழவ உறுப்பினர் ஒருவரும் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

காந்தியின் வருகை

1925 மார்ச்சில் காந்தி வைக்கம் வந்து, தடைக்கு ஆதரவாளரான இண்டந்துருத்தி நம்பூதிரியை அவருடைய இல்லத்திற்கே சென்று சந்தித்தார். வீட்டின் உட்பகுதிக்குள் காந்தி அனுமதிக்கப்படவில்லை. பேச்சுவார்த்தை பயனளிக்கவில்லை. (அவ்வில்லம் பின்னாளில் கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகமாயிற்று.) எனினும் காவல் ஆணையர் பிட் என்பவருடன் காந்தி கொண்ட தொடர்பின் வழியே இணக்கம் உருவாயிற்று.

முடிவு

மூன்று பக்கத் தெருக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. கிழக்குப் பக்கத்தில் மட்டும் தடை நீடித்தது. இதனால் இதனை முழு வெற்றி என்று கூற இயலாது. அடுத்த ஆண்டே சுசீந்திரத்தில் இதே போன்ற சத்தியாக்கிரகம் தொடங்கியது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட ஆலயப் பிரவேச அறிவிப்பின் மூலமே அரசுக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன.

வைக்கத்தில் தமிழ்நாடு அரசு அமைத்த பெரியார் நினைவகம் 1994 இல் திறக்கப்பட்டது. புதுப்பிக்கப்பட்ட அந்நினைவகம் 2024 டிசம்பர் 12 அன்று மீண்டும் திறந்து வைக்கப்பட்டது.