மூன்று ரூபாய், மூன்று நிறம்

என் பாட்டனார் வைத்துச் சென்ற தகரப் பெட்டியில் மூன்று ரூபாய் நாணயங்கள் உள்ளன. ஒரே பெட்டியில் கிடந்தும் அவை ஒரே நிறம் கொள்ளவில்லை. காரணம் யாதெனின், அரசாங்கம் அவற்றில் கலந்த உலோகமே.

முதலாவது விக்டோரியா அரசியின் ரூபாய். 1835-இல் கம்பெனியார் வகுத்த அளவுப்படி இதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. காற்றிலுள்ள கந்தக ஆவி வெள்ளியோடு கூடிப் படலமாகப் படியும். படலம் மெல்லியதாயின் பொன்னிறம், தடித்தால் நீலம், முடிவில் கருமை. கம்பளித் துணியில் முடிந்து வைத்தால் இது விரைவில் நிகழும்.

இரண்டாவது போர்க்கால ரூபாய். 1940-இல் வெள்ளி நூற்றுக்கு ஐம்பதாகக் குறைந்தது, செம்பு நாற்பதாயிற்று. ஆகவே ஈரம் பட்டால் பழுப்பும் களிம்பும் தோன்றும்.

மூன்றாவது 1947-ஆம் ஆண்டின் நிக்கல் ரூபாய். வெள்ளி அறவே இன்மையால் அது கறுக்காமல் சாம்பல் வெண்மையாகவே இருக்கிறது.

அறியாமையால் முதல் நாணயத்தை ஒருநாள் சாம்பலிட்டுத் தேய்த்தேன். பளபளப்பு வந்தது, அரசியின் கூந்தல் வரிகள் மழுங்கின. கருமை மீண்டும் படியும், வரிகள் மீளா. அன்பர்களே, பழங்காசைத் தேய்க்காதீர்கள். உலர்ந்த இடத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.