பண்ணை மீனின் வளர்ச்சியும் தீனில் உள்ள நுண்சத்துகளும்

ஒன்ராறியோவின் மீன் பண்ணைகளில் முதலிடம் வானவில் ட்றவுட்டுக்குத்தான். ஜோர்ஜியன் விரிகுடாவிலும் மனிற்றூலின் தீவைச் சூழ்ந்த நீரிலும் வலைக்கூடுகளில் இது வளர்க்கப்படுகிறது. ஆற்றில் திரியும் மீன் பூச்சி, புழு, சிறுமீன் எனப் பலதையும் தேடித் தின்னும். கூட்டுக்குள் இருக்கும் மீனுக்கோ மூட்டையில் வரும் தீன்தான் எல்லாம். புரதமும் கொழுப்பும் எவ்வளவு நிறைவாக இருந்தாலும், அந்தத் தீனில் சில மில்லிகிராம் சத்துக் குறைந்தால் மீன் வளராது.

விற்றமின் சி இதற்கு நல்ல உதாரணம். மனிதரைப் போலவே ட்றவுட்டும் இந்த விற்றமினைத் தன் உடலில் உருவாக்க முடியாதது. இது குறைந்தால் மீனின் வளர்ச்சி குன்றும், முதுகெலும்பு வளையும். 1960களில் அமெரிக்காவில் ஜோன் ஹல்வரும் அவரோடு பணிபுரிந்தவர்களும் இதை ஆராய்ந்து காட்டினார்கள். சாதாரண விற்றமின் சி, தீன் தயாரிக்கும்போது ஏற்படும் சூட்டிலும் பின்னர் களஞ்சியத்தில் கிடக்கும் காலத்திலும் அழிந்துபோகும். ஆகவே இன்று பொசுபேற்றுடன் இணைத்து உறுதியாக்கிய வடிவத்தில் அதைச் சேர்க்கிறார்கள்.

அடுத்தது நாகம், அதாவது சிங்க். வானவில் ட்றவுட்டுக்கு ஒரு கிலோ தீனில் 15 முதல் 30 மில்லிகிராம் நாகம் தேவை என 1978இல் ஜப்பானிய ஆய்வொன்று கண்டது. குறைந்தால் வளர்ச்சி மந்தமாகும், துடுப்புகள் அரிக்கும், கண்ணில் புரை விழும். தீனில் நாகம் இருந்தால் மட்டும் போதாது, அது மீனின் உடலில் சேரவும் வேண்டும். மீன்தூளில் எலும்பு அதிகமானால் அதிலுள்ள கல்சியமும் பொசுபேற்றும் நாகத்தைத் தடுக்கும். சோயாவில் உள்ள பைற்றிக் அமிலமும் அதையே செய்யும். மீன்தூளுக்குப் பதிலாகத் தாவரப் புரதம் கூடிவரும் இக்காலத்தில் இது முக்கியமான கணக்கு.

சத்துக் கூடினாலும் ஆபத்துத்தான். குவெல்ப் பல்கலைக்கழகத்தின் ஹில்ரனும் சிலிங்கரும், ஹொட்சன் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 1980இல் வெளியிட்ட ஆய்வு செலனியம் பற்றியது. ட்றவுட்டுக்குத் தேவையானது ஒரு கிலோ தீனில் 0.15 முதல் 0.38 மில்லிகிராம் வரைதான். 13 மில்லிகிராம் கொடுத்தபோது வளர்ச்சி குறைந்தது, இறப்பும் கூடியது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் உள்ள தூரம் அவ்வளவு சிறியது.

மீனிடம் கற்ற பாடம் மனிதருக்கும் உதவியது. 1910 அளவில் பென்சில்வேனியாவின் மீன்குஞ்சு நிலையமொன்றில் ட்றவுட்டுகளின் தொண்டையில் கட்டிகள் தோன்றின. பலர் புற்றுநோய் என்றார்கள். அது அயடீன் குறைவால் வந்த கண்டக்கழலை என்றும், சிறிதளவு அயடீனால் தீரும் என்றும் டேவிட் மரின் என்ற மருத்துவர் காட்டினார். அவரே 1917இல் ஒகாயோவின் அக்ரன் நகரில் பாடசாலை மாணவிகளுக்கு அயடீன் கொடுத்து கண்டக்கழலையைத் தடுக்கும் ஆய்வைத் தொடங்கினார். அயடீன் கலந்த உப்பு நம் மேசைக்கு வந்ததில் அந்த ஆய்வுக்கும் பங்குண்டு.

ஊரில் மீன் வளர்ப்புக்குப் பணம் அனுப்ப நினைக்கும் உறவுகளும் இதைக் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் ஜப்பான் மீன் என்று சொல்லும் திலாப்பியா, வன்னிக் குளத்தில் பாசியையும் நுண்ணுயிரிகளையும் தின்று தனக்கு வேண்டிய நுண்சத்துகளைப் பெரும்பாலும் தானே தேடிக்கொள்ளும். அதே மீனைக் கூட்டிலோ தொட்டியிலோ நெருக்கமாக வளர்த்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அப்போது தவிட்டையும் புண்ணாக்கையும் மட்டும் நம்ப முடியாது.

மீன் வளர்ப்பில் பெருஞ்செலவு தீனுக்குத்தான். முதல் போட முன்னர் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: தீனில் விற்றமின், கனிமக் கலவை சேர்க்கப்பட்டுள்ளதா? எப்போது தயாரிக்கப்பட்டது? வெயிலும் ஈரமும் படாமல் வைக்க இடம் உண்டா? இவற்றுக்குச் சரியான பதில் கிடைக்காத இடத்தில் மலிவான தீன் மிச்சம் பிடித்துத் தராது. மாதக்கணக்கில் தின்றும் வளராத மீன்தான் மிஞ்சும்.