அலைகளை அடைக்கும் விசை

மடிக்கணினியின் மேல்வரிசை விசை ஒன்றில் சிறு கோபுரமும் அதைச் சுற்றி அலைகளும் வரையப்பட்டிருக்கும். எஃப்என் விசையோடு அழுத்தினால் கம்பியில்லா இணைப்பு அணையும். மறுமுறை அழுத்தினால் உயிர்பெறும். வரலாறென்றால் கல்வெட்டும் செப்பேடுமே என்றிருக்கும் நண்பர்கள் பொறுத்தருள்க. இவ்விசைக்கும் ஒரு வரலாறு உண்டு. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் அது நெடுநாள் வெறும் படமாகவே கிடந்தது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த ஆற்றல் கருவிகளை உரிமமின்றிப் பயன்படுத்த இந்திய அரசு விதி வகுத்தது 2005 ஜனவரியில். அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் விசையும் ஒவ்வொரு குறிப்பை அனுப்பியது. திங்க்பேடு வைத்திருந்தோர்க்கு ஐபிஎம்-ஏசிபிஐ என்னும் இயக்கி வாய்த்திருந்தது. பிறர் விசையை அழுத்திப் பார்த்து, வரும் நிகழ்வின் பெயரைக் குறித்து, ஏசிபிஐடி என்னும் பின்னணி நிரல் அதைக் கேட்டதும் செய்யவேண்டியதைச் சில வரிகளில் எழுதிவைத்தனர். ஒரு கணினிக்கு எழுதியது மற்றொன்றுக்கு உதவாது.

2007 ஜூலையில் வெளிவந்த 2.6.22 கெர்னலில் ஐவோ வான் டோர்ன் எழுதிய 'ஆர்எஃப்கில்' என்னும் பொது ஏற்பாடு இடம்பெற்றது. வானொலி அலை எழுப்பும் கருவிகளின் இயக்கிகள் அனைத்தும் ஓரிடத்தில் பதிந்துகொள்ளும்; விசையும் அங்கேயே முறையிடும். 2009 செப்டம்பரின் 2.6.31 பதிப்புக்காக யோஹானஸ் பெர்க் இதனைத் திருத்தி எழுதினார்.

இதில் அடைப்பு இருவகை. கிணற்று மேட்டு மோட்டார் அறையை அறிந்த கொங்கு நாட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்டார்ட்டரில் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தியது மென்னடைப்பு. பச்சையை அழுத்தினால் ஓடும். மும்முனை மின்சாரமே வராதது வன்னடைப்பு. பச்சைப் பொத்தானைத் தேய்த்தும் பயனில்லை.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தொடக்ககாலக் கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கொங்கு நாட்டுச் சிற்றூர்களிலும் லினக்ஸ் வாசற்படி ஏறியது அப்போதுதான். அடுத்த ஆண்டு கோவையை வாட்டிய மின்வெட்டில், மின்கலத்தைக் காக்க அலையை அணைப்பது சிக்கனமாயிற்று.

அவ்வாறு அணைத்த எங்கள் நண்பர் ஒருவரின் சொந்த மடிக்கணினி, மறுபடி இணைய மறுத்தது. பழுதுபார்ப்பவர் வைஃபை அட்டையையே மாற்றச் சொன்னார். தொகை சிறிதன்று, லினக்ஸையே கைவிடும் எண்ணத்தில் நண்பர் எங்களிடம் வந்தார். 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று தட்டினோம். மென்னடைப்பு ஆம், வன்னடைப்பு இல்லை என்றது திரை. அட்டைக்கு ஒரு குறையுமில்லை! அந்த மாதிரியின் விசைக்குறிப்பைக் கெர்னல் அறியாதிருந்ததே காரணம். 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' என்றதும் விளக்கு எரிந்தது. பிறகு அக்கட்டளையையே அவர் விரும்பிய இரு விசைகளுக்குக் கட்டிக்கொடுத்தோம். 'வைஃபை' என்னுமிடத்தில் 'ஆல்' என்றிட்டால் புளூடூத்தும் சேர்ந்து விழித்துக்கொள்ளும். மின்வெட்டு நாளில் அது வீண்செலவு.